இறால் வாடி வழக்கு

எதிர்த்தரப்பின் மறுமொழியில் நாலாம் பந்தி ‘தொற்றக்கூடிய தோல் நோய்’ என்றது. என்ன நோய், யார் பார்த்துச் சொன்னது, எந்த வைத்தியரின் துண்டு, ஒன்றும் இல்லை. ஐந்தாம் பந்தியில் வேறு கதை: என் கட்சிக்காரரை யாரும் நிறுத்தவில்லை, அவராகவே வேலைக்கு வராமல் விட்டார். இரண்டையும் ஒரே தாளில் எழுதியவர், மட்டக்களப்பு நீதிமன்றங்களில் பல வருடமாக எனக்கு எதிரே நின்றுவிட்டுப் பிறகு கன்டீனில் என்னோடு பிளேன்டீ குடிக்கும் நண்பர். அப்படி எழுதுவது எங்கள் தொழிலில் குற்றமும் அல்ல. ஆனால் தொழில் நியாய சபையில் அது விசாரணை தொடங்கும் நாள் வரைக்கும்தான் செல்லும். வேலையிலிருந்து நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால், அது நியாயம் என்று காட்டும் சுமை அவருடையது. சாட்சியத்தை அவர்தான் தொடங்கவேண்டும். தொழிலாளி தானாகப் போனார் என்றால், நிறுத்தப்பட்டேன் என்பதைத் தொழிலாளி முதலில் காட்டவேண்டும். சபையின் தலைவர் நேரே கேட்டார்: “இரண்டில் எது?” நண்பர் ஐந்தாம் பந்தியைத் தெரிந்தெடுத்தார். நாலாம் பந்தி அழியாமல் கோவைக்குள் கிடந்தது. வழக்கு முடியும் வரை எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினோம்.

கட்சிக்காரரின் பெயர், ஊர், வாடி இருந்த இடம் எதுவும் இங்கே வராது. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். படுவான்கரைப் பெண், முப்பது கடந்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வேலை எழுவான்கரையில், வாவியோரத்து இறால் வாடி ஒன்றில். விடியற்காலையில் தோணிக்காரர் கொண்டுவரும் இறாலை நிறுத்து எடுத்து, தலையும் ஓடும் கழற்றி, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு ஏற்றுவார்கள். மாரி மழை கொட்டி முகத்துவாரம் வெட்டிவிடும் காலத்தில் அங்கே ஆள் போதாது. கோடையில் நாலைந்து பேர் இருந்தாலே கூட.

இவர் அந்த வாடியில் ஓடு கழற்றத் தொடங்கியது பள்ளிக்கூடம் விட்ட கையோடு. இருபதுகளின் நடுவில் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. சில காலம் இரத்தம் சுத்திகரிப்பு. பிறகு 2017இல் கண்டியில் மாற்றுச் சத்திரசிகிச்சை. சிறுநீரகம் கொடுத்தது மூத்த அக்கா. தேறி வந்தபோது வாடி முதலாளி இவரை மறுபடி சேர்த்துக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும். ஓடு கழற்றும் மேசையில் அல்ல, வாசலோரம் நிறை எழுதும் மேசையில். தராசைப் பார்த்துக் கொப்பியில் பதிவது, தோணிக்காரருக்குத் துண்டு எழுதிக் கொடுப்பது. முதலாளி கெட்ட மனிதர் இல்லை. இந்த வழக்கில் கெட்ட மனிதர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

மாற்றுச் சிறுநீரகம் உடம்புக்கு அந்நியம். அதை உடம்பு தாக்கி அழிக்காமல் இருக்க, உடம்பின் காவலையே மருந்தால் அடக்கி வைக்கவேண்டும். டக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசொலோன் என்று இவருடைய கிளினிக் கொப்பியில் மாதாமாதம் ஒரே கையெழுத்து. சிறுநீரகம் இருக்கும் வரை இந்தக் குளிசைகளும் இருக்கும். காவல் அடங்கியதும், நம்மெல்லோருடைய உடம்பிலும் சத்தமில்லாமல் ஒதுங்கிக் கிடக்கும் வைரஸ்கள் வெளியே வருகின்றன. அவை வரும் முதல் இடங்களில் ஒன்று தோல். மாற்றுச் சிறுநீரகத்தோடு ஆண்டுகள் ஏற ஏறப் பாலுண்ணி, தமிழகத்தார் மரு என்பது, பலருக்கும் வருகிறது. நமக்கு வருவது போல ஒன்றிரண்டு வந்து தானாக உதிர்வதில்லை. இவருக்கு நாலாம் வருடம் தொடங்கியது. முதலில் வலது கைப்பெருவிரல், பிறகு விரல் முட்டிகள், நகத்தைச் சுற்றி, பிறகு கழுத்தோரம். நான் முதன்முதலில் பார்த்தபோது அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

2022 ஜூன் தொடக்கத்தில் அடுத்தது வந்தது. வைகாசிச் சடங்குக் காலம். மட்டக்களப்பின் கண்ணகை அம்மன் கோயில்களில் குளிர்த்தி நடக்கும் நாட்கள். முதுகின் இடப்பக்கத்திலிருந்து மார்புக்குக் கீழ்வரை ஒரு பட்டையாக எரிவு, மறுநாள் கொப்புளம். தாய் அதைப் பார்த்ததும் அம்மாள் வருத்தம், அதாவது கொப்புளிப்பான், என்று முடிவுகட்டி, வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்து, வீட்டில் மீன் நிறுத்தினார். மகள் வாடி மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் சொன்னதும் அதையே: “அம்மாள் வருத்தம் மாதிரிக் கிடக்கு, ரெண்டு மூண்டு நாளைக்கு வரமாட்டன்.” மூன்றாம் நாள் மச்சான் ஒருவர் எங்கேயோ கடன் வாங்கிய பெட்ரோலில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போதனா வைத்தியசாலையில் விட்டார். அங்கே அக்கி என்றார்கள். அசைக்ளோவிர் தொடங்கினார்கள், சிறுநீரகத்துக்கு ஏற்றபடி அளவு பார்த்து. அக்கிக்கு அந்த மருந்தைக் கொப்புளம் கண்ட 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் என்பார்கள். மயிரிழையில் தப்பினார்.

பொருக்கு உதிர்ந்து, கண்டிக் கிளினிக்குக்கு ஜூன் கடைசியில் போனார். மகாஓயா தாண்டி, பதியத்தலாவையில் திரும்பி, மகியங்கனையின் பதினெட்டு வளைவு ஏறிப் போகும் பஸ். போன சமயம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. திரும்பி வரப் பஸ் இல்லை. தெரிந்த ஒருவரின் வீட்டு விறாந்தையில் தங்கி, ஜூலை நடுவில்தான் ஊர் வந்து சேர்ந்தார். அதற்குள் மேற்பார்வையாளரின் குரல்பதிவு வாட்ஸ்அப்பில் காத்திருந்தது. “அக்கா, நீங்க கொஞ்ச நாளைக்கு வராதீங்க. ஆக்கள் பயப்படுறாங்க. சுகம் வந்தாப் பிறகு பாப்பம்.” ஓகஸ்ட் மாதம் நிறை மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார்.

என்னிடம் வரும்போது தாயும் மகளும் அடிப்படை உரிமை வழக்குப் போடச் சொல்லி யாரோ அனுப்பி வந்திருந்தார்கள். நம் ஊரில் எல்லா அநியாயத்துக்கும் முதலில் சொல்லப்படும் மருந்து அது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் அநியாயம் செய்தது நிறைவேற்று அல்லது நிர்வாகத் துறையாக இருக்கவேண்டும். ஒரு மாதத்துக்குள் போகவும் வேண்டும். வாடி முதலாளி அரசாங்கம் அல்ல. 2016இல் எச்.ஐ.வி. வதந்தியால் பள்ளிக்கூடங்கள் கதவடைத்த ஒரு சிறுவனுக்காக அந்த நீதிமன்றம் தலையிட்டதை யாரோ இவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அங்கே பள்ளி அனுமதி அரசின் கையில் இருந்தது. இங்கே தராசும் கொப்பியும் தனியாருடையது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். வேலைக்கு ஆள் சேர்க்கும்போது வலுவிழப்பைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்கிறது அது. வேலையிலிருந்து அனுப்புவதைப் பற்றி அந்தப் பிரிவு வாய் திறக்கவில்லை. மேலும், தன் வாழ்க்கைத் தேவைகளைத் தானே நிறைவேற்ற இயலாதவர் என்பதே அதன் வரைவிலக்கணம். இவரோ உழைத்து, தாயையும் பார்த்து, மாதாமாதம் கண்டிக்கும் போய்வந்தவர். இயலாதவர் என்று நிரூபித்து வேலை கேட்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் ஒரு தொழிலாளியை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூல ஒப்புதலோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது. நோய்க்காக நிறுத்துவது அதற்குள் அழகாகப் பொருந்தும். ஆனால் 15 பேருக்குக் குறைவான தொழிலாளர் உள்ள இடத்துக்கு அந்தச் சட்டம் இல்லை. வாடியின் பதிவேட்டில் பத்துக்கும் குறைவான பெயர்கள். நாட்கூலிக்கு வருகிறவர்களையும் கூட்டினால் பதினைந்து தாண்டும். அதை நிரூபிக்கத் தோணிக்காரர் முதல் ஐஸ் லொறிக்காரர் வரை கூட்டில் ஏற்றவேண்டும். அதனால் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ்த் தொழில் நியாய சபைக்கே போனோம். வேலை நீங்கி ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். ஆறாவது மாதம் பிறக்கும் முன் தாக்கல் செய்தாயிற்று.

தாய் அன்று கேட்ட கேள்வியைச் சொல்லாமல் போகமுடியாது. “தம்பி, இவளை மாந்தீவுக்கு அனுப்பச் சொல்லிக் கேப்பாங்களா?”

வெளியூர் வாசகருக்கு: மட்டக்களப்பு நகரத்திலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் வாவிக்கு நடுவே ஒரு தீவு மாந்தீவு. பிரித்தானியர் காலத்திலிருந்து அங்கே குஷ்டரோக வைத்தியசாலை. 1901ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் குஷ்டரோகிகள் கட்டளைச் சட்டம் நோயாளிகளைப் பிரித்து அடைத்து வைக்க அதிகாரம் கொடுத்தது; அதற்கு வெகுமுன்பே ஒல்லாந்தர் 1708இல் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் இதே காரியத்துக்கு ஒரு வைத்தியசாலை கட்டியிருந்தார்கள். 1980களில் பல மருந்துக் கூட்டுச் சிகிச்சை வந்தபின் குஷ்டம் வீட்டிலிருந்து குளிசை குடித்துக் குணமாகும் நோய். மட்டக்களப்பு மாவட்டத்தில் இன்றும் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், சிகிச்சை பெறுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். ஆனால் தோணி ஏற்றிக்கொண்டுபோய் விட்டவர்கள் திரும்பி வராத கதை மூன்று தலைமுறையாக வாவிக்கரை வீடுகளில் இருக்கிறது. வாடியில் இவரைப் பற்றிப் பேசிக்கொண்டவர்களும் அந்தப் பெயரைத்தான் பாவித்திருக்கிறார்கள் என்பது பிறகு சாட்சியத்தில் வந்தது. ஆகவே நாலாம் பந்தியில் நோயின் பெயர் எழுதப்படாதது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எழுதாமலே எல்லோருக்கும் ஒரு பெயர் விளங்கியிருந்தது.

வழக்குக்காக நான் படித்ததில் ஒரு விஷயம் வழக்குக்கு உதவவே இல்லை, ஆனாலும் சொல்கிறேன். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள வைத்த முதல் மருந்துகளில் ஒன்று அசத்தியோபிரின். 1957இல் அதை உருவாக்கியவர்கள் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும். அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிரும் எலியனின் ஆய்வுகூடத்திலிருந்து வந்ததே. 1988இல் ஜேம்ஸ் பிளாக்கோடு சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு. உடம்பின் காவலை அடக்கும் மருந்தும், அடக்கியதால் கிளம்பும் வைரஸை மடக்கும் மருந்தும் ஒரே பெண்ணின் மேசையிலிருந்து வந்திருக்கின்றன. இதைக் கன்டீனில் நண்பரிடம் சொன்னேன். “உங்கட ஆளுக்கு முழு மருந்தும் அந்த மனுசிதான் குடுத்திருக்கிறா” என்றார்.

விசாரணை. முதலில் இவருடைய சாட்சியம். குரல்பதிவைச் சபையிலேயே போட்டுக் காட்டினோம். தொழில் நியாய சபையைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்தாது. இதே பதிவை மாவட்ட நீதிமன்றத்தில் நுழைக்க நான் பட்டிருக்கக்கூடிய பாட்டை நினைத்தால் அந்தப் பிரிவை எழுதியவரைக் கும்பிடலாம். ‘வராதீங்க’ என்ற சொல் கேட்டபின் ஐந்தாம் பந்திக்கு உயிர் போய்விட்டது. ஒருவர் வேலையைக் கைவிட்டார் என்றால் வராமல் இருந்ததோடு, இனி வருவதில்லை என்ற எண்ணமும் இருந்திருக்கவேண்டும். கண்டியில் பஸ் இல்லாமல் நின்றவருக்கு அந்த எண்ணம் இருந்ததென்று சொல்ல நண்பரே கூச்சப்பட்டார்.

ஆனால் குறுக்கு விசாரணையில் அவர் வேறிடத்தில் பிடித்தார்.

“அம்மாள் வருத்தம் எண்டு நீங்களே சொன்னீங்களா இல்லையா?”

“ஓம். அம்மா அப்படித்தான் நினைச்சா.”

“அம்மாள் வருத்தம் மற்ற ஆக்களுக்குத் தொத்துமா இல்லையா?”

“தொத்தும் எண்டுதான் சொல்லுவாங்க.”

“அப்ப முதலாளி பயந்ததில என்ன பிழை?”

நல்ல கேள்வி. அதற்கு விடை எங்கள் தோல் வைத்திய நிபுணரிடம்தான் இருந்தது. அவர் வர இரண்டு தவணை பிந்தியது. இடையில் மேற்பார்வையாளரை நான் விசாரித்தேன்.

அதற்கு ஆயத்தமாகும்போது ஒரு தகவல் கிடைத்தது. பாலுண்ணியை உண்டாக்கும் மனித பப்பிலோமா வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் ஏழாம் வகை இறைச்சிக்கடைக்காரர், மீன் வெட்டுகிறவர் கைகளில் அதிகம் காணப்படுவது பழைய மருத்துவச் செய்தி. நாள் முழுக்க ஈரத்திலும் ஐஸிலும் கை ஊறி, முள்ளும் கத்தியும் கீறி, அந்தக் கீறலூடே வைரஸ் நுழைகிறது. அப்படியானால் ஆரோக்கியமான கைகளிலும் அந்த வாடியில் பாலுண்ணி இருக்கவேண்டும். கட்சிக்காரரிடம் கேட்டேன். யோசிக்காமலே இரண்டு பேரைச் சொன்னார்.

மேற்பார்வையாளர் இருபத்தைந்து வயதுப் பொடியன். பொய் சொல்லத் தெரியாத முகம். வாடியில் வேறு யார் கையிலும் பாலுண்ணி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். அவர்கள் இறாலைக் கையால் தொடுகிறார்களா? ஓம். கையுறை? சிலவேளை. அவர்களை வீட்டுக்கு அனுப்பினீர்களா? இல்லை. ஏன்?

“அது சாதாரணப் பாலுண்ணி சேர்.”

“இவவுடையது?”

“இவவுக்குக் கிட்னி மாத்தினது.”

தலைவர் அதை வார்த்தைக்கு வார்த்தை பதியச் சொன்னார். நான் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். இன்னொன்றும் கேட்டேன்: தொற்றுநோய் என்று பயந்தால் சுகாதார வைத்திய அதிகாரிக்கோ பொதுச் சுகாதார பரிசோதகருக்கோ ஏன் சொல்லவில்லை? 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அறிவிக்கவேண்டிய நோய்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. கொப்புளிப்பான் அதில் உண்டு, பாலுண்ணி இல்லை. பொடியன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி நிலத்தைப் பார்த்தார்.

தோல் வைத்திய நிபுணர் வந்த நாள்தான் வழக்கின் நாள். அழைப்பாணைக்குக் கட்டுப்பட்டு, கிளினிக் முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். சாட்சிக் கூட்டில் அவர் பேசியது பாடம் நடத்துவது போல இருந்தாலும் நான் இடைமறிக்கவில்லை. சிறு வயதில் கொப்புளிப்பான் போட்டவரின் உடம்பை விட்டு அந்த வைரஸ் போவதில்லை. நரம்பு வேரில் ஒதுங்கிக் கிடக்கிறது. வயது ஏறும்போதோ, மருந்தால் காவல் அடங்கும்போதோ அதே நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி, அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வருகிறது. தாயார் அம்மாள் வருத்தம் என்று சொன்னது முழுப் பிழையும் அல்ல, வைரஸ் ஒன்றுதான். இவர் அக்கியை யாரிடமிருந்தும் வாங்கவில்லை. யாருக்கும் அக்கியைக் கொடுக்கவும் முடியாது. கொப்புளத்து நீர் பட்டால், முன்பு கொப்புளிப்பான் வராதவருக்குக் கொப்புளிப்பான் வரலாம். அதுவும் பொருக்குக் காயும் வரைதான். இவரைப் போன்றவர்களுக்குச் சிலவேளை அக்கி உடம்பு முழுக்கப் பரவும், அப்போது தனி அறையில் வைப்போம். இவருக்கு அப்படிப் பரவவில்லை. ஜூலையில் வேலைக்கு வந்திருந்தால் அக்கியால் ஒருவருக்கும் ஆபத்தில்லை.

பாலுண்ணி? தோலோடு தோல் உரசினால், ஈரமான இடங்களில், கீறல் இருந்தால் தொற்றும். ஆரோக்கியமானவருக்கு வந்தால் பெரும்பாலும் தானாகப் போகும். சாப்பாட்டால் வராது. நிறை எழுதும் மேசையில் கையை மூடிக்கொண்டிருப்பவரால் வரும் ஆபத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுப்பதைவிடக் கூடியதல்ல.

தலைவர் ஒரு சந்தேகம் கேட்டார்: இத்தனை வருடம் மருந்து கட்டியும் ஏன் மாறவில்லை? திரவ நைட்ரஜனால் உறைய வைக்கிறோம், சலிசிலிக் அமிலம் பூசுகிறோம், திரும்ப வருகிறது என்றார் வைத்தியர். அடக்கும் மருந்தைக் குறைத்தால் பாலுண்ணி கரையக்கூடும். ஆனால் அக்கா கொடுத்த சிறுநீரகத்தையும் உடம்பு தள்ளிவிடக்கூடும். கண்டியிலிருக்கும் சிறுநீரக வைத்தியரும் தானும் இதைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அதோடு, மாற்றுச் சிறுநீரகக்காரரின் பாலுண்ணிகளை வெறும் அழகுக் குறையாக விடுவதில்லை. வெயில் படும் இடத்தில் வருடக்கணக்கில் இருப்பவற்றில் சில புற்றுநோயாகலாம். வெள்ளைத் தோல் மக்களிடம் அந்த ஆபத்து மிகப் பெரிது, நம் தோலில் குறைவு. குறைவென்பது இல்லை என்பதல்ல. இவருடைய கழுத்தில் ஒன்றை வெட்டிப் பரிசோதித்ததில் ஒன்றுமில்லை.

நண்பர் எழுந்தார். அவருடைய கேள்வி எனக்குத் தெரியும். தடுப்பதற்கு ஆட்சேபணை எதுவும் சட்டத்தில் இல்லை.

“டொக்டர், நீங்கள் இவரைப் பல வருடமாகப் பார்க்கிறீர்கள். இவர் உங்கள் தங்கையாக இருந்தால், இறால் வாடிக்கு வேலைக்கு அனுப்புவீர்களா?”

வைத்தியர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “அனுப்பமாட்டேன்” என்றார். ஏன் என்று நண்பர் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. மறு விசாரணையில் நான்தான் கேட்டேன். உப்புநீரிலும் கழிமுகத்திலும் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு. இறால் கொடுக்குக் குத்திய சின்னக் காயத்தாலும் நுழையும், காவல் அடங்கிய உடம்பில் சில நாட்களிலேயே உயிருக்கு உலை வைக்கும். மீன் தொட்டி கழுவுகிறவர்களின் கையில் வரும் காசநோய்க் குடும்பத்து நுண்ணுயிர் ஒன்றும் உண்டு. அது மெல்ல வரும், போக மாதக்கணக்காகும். “அந்த வாடியில் இவரால் யாருக்கும் பெரிய ஆபத்தில்லை. அந்த வாடியால்தான் இவருக்கு ஆபத்து. நிறை மேசையில் மட்டும் இருந்தால் குறைவு. ஆனால் பெருக்கக் காலத்தில் இவரையும் ஓடு கழற்றக் கூப்பிடுவார்கள் என்று இவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.”

நாலாம் பந்தி அத்தோடு தலைகீழானது. தொற்றும் என்று எழுதியது சரி. எந்தத் திசையில் என்பதில்தான் பிழை. ஆனால் அது எங்களுக்கு வெற்றி அல்ல. நான் கேட்டிருந்த பரிகாரம் பின்சம்பளத்தோடு மீண்டும் வேலை. என் சாட்சியே அந்த வேலைக்குப் போகாதே என்றபின் எந்தத் தலைவர் அந்தக் கட்டளையை எழுதுவார்? அதே சமயம், பாதுகாப்புக்காகத்தான் நிறுத்தினோம் என்று இப்போது பேசும் உரிமை முதலாளிக்கும் இல்லை. நிறுத்தியபோது அவர் நினைத்தது இவருடைய பாதுகாப்பை அல்ல என்பதைப் பொடியனின் வாக்குமூலம் சொல்லிவிட்டது. தனக்கு ஆபத்தான வேலையில் தொடர்வதா வேண்டாமா என்ற தீர்மானம் வைத்தியரோடு பேசி இவர் எடுக்கவேண்டியது. வயது வந்த ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வாட்ஸ்அப்பில் அதை இன்னொருவர் எடுத்திருந்தார். என் எழுத்துமூல வாதத்தை இந்த ஒரு புள்ளியில்தான் கட்டினேன்.

தலைவர் அதைத் தீர்ப்பாக எழுத நேரவில்லை. நீதியும் ஒப்புரவுமான கட்டளை இடும் பரந்த அதிகாரம் அவருக்கு உண்டு. அதைவிட நல்லது இரு தரப்பும் பேசி முடிப்பது என்று தன் அறையில் சொன்னார். வெளியே வந்து கட்சிக்காரரிடம் கேட்டேன். திரும்பி அங்கே போக விருப்பமா?

“இல்ல சேர். போனா எல்லாரும் என்ட மூஞ்சயப் பாக்கமாட்டாங்க, கையத்தான் பாப்பாங்க. கண்டிக்குப் போய்வாற காசும், வெளியில வாங்குற மருந்துக் காசும் கிடைச்சாப் போதும்.”

பேரம் நீளமாகப் போகவில்லை. ஒரு வருடச் சம்பளத்துக்குச் சற்றுக் கூடிய தொகை, மூன்று தவணையில். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டவேண்டிய 12 வீதமும் இவர் சம்பளத்தில் கழித்த 8 வீதமும் சத்திரசிகிச்சைக்குப் பின் ஒழுங்காகப் போகவில்லை என்பது கணக்கைத் திறந்ததும் தெரிந்தது, அதுவும் சேர்ந்தது. இழுபட்டது சேவைச் சான்றிதழில். நண்பர் கொண்டுவந்த வரைவில் ‘உடல்நிலை காரணமாக விலகிக்கொண்டார்’ என்றிருந்தது. இவர் கையெழுத்து வைக்க மறுத்தார். காசைக் குறைக்கச் சொன்னாலும் குறைக்கிறேன், இது வேண்டாம் என்றார். இரண்டு தவணை அந்த ஒரு வரிக்காகவே போயிற்று. கடைசியில் எத்தனை வருடம், என்ன வேலை, கணக்கில் நேர்மையானவர் என்பதோடு கடிதம் முடிந்தது. ‘கணக்கில் நேர்மையானவர்’ என்பது முதலாளி தானாகச் சேர்த்தது.

அந்தக் கடிதத்தோடு பட்டினத்தில் ஒரு காகிதாதிக் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தார். சேர்வதற்கு முன் என்னிடம் தொலைபேசியில் கேட்டார்: சிறுநீரகம் மாற்றியதைச் சொல்லவேண்டுமா? சட்டப்படி கட்டாயமில்லை என்றேன். ஒரு நாள் யோசித்துவிட்டுக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டார், கையையும் காட்டி. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்: கடையில் யாருக்கும் காய்ச்சல், தடிமன் என்றால் காலையிலேயே தனக்கு ஒரு கோல் எடுக்கவேண்டும், அன்றைக்குத் தான் வரமாட்டார், சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். கடைக்காரர் ஒப்புக்கொண்டாராம். கழிப்பதில்லை என்றும் கேள்வி.